இறைச்சி மாதிரியே இரிக்கும்

கத்தரிக்காய்ப் பாலாணம் ஆக்கும் முறையை எழுதத்தான் உட்கார்ந்தேன். தேங்காய்ப் பால், கொஞ்சம் மாசி, பச்சைக் கொச்சிக்காய், வெந்தயம், இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. நேற்றைய பகல் சாப்பாடு அதற்குக் குறுக்கே வந்துவிட்டது.

வந்தது வாழைப்பூக் கட்லட். தட்டை வைத்துவிட்டு மனைவி, "திண்டு பாருங்க, இறைச்சி மாதிரியே இரிக்கும்" என்றா. இதே குரலில்தான் போன கிழமை பொலஸ் வந்தது. அதற்கு முன்னம் கத்தரிக்காய் மீனாக வந்தது. எங்கள் குசினியில் கொஞ்ச காலமாக எந்த மரக்கறிக்கும் சொந்த அடையாள அட்டை கிடையாது.

சண்டைக் காலத்தில் சோதனைச்சாவடியில் எங்களை பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டார்களே, அப்படி இந்தக் கறிகளை ஒருநாள் இறக்கி நிறுத்தவேண்டும். முதலில் வாழைப்பூ. பெயர்? மாட்டிறைச்சி. பிறந்த இடம்? கிணற்றடி. மாடு கிணற்றடியிலா பிறக்கும் என்று கேட்டால் ரஸ்குத்தூளை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் நிற்கும். அடுத்தது பொலஸ். தகப்பன் பெயர் பலாமரம், தன் பெயர் ஆட்டிறைச்சி. முகமெல்லாம் கறுவாவும் ஏலமும் அப்பியிருப்பதால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. கத்தரிக்காய் தன்னைப் பாரை மீன் என்று சொல்லும். எந்தக் கரையில் பிடிபட்டாய் என்றால் என் மனைவியின் முகத்தைப் பார்க்கும். வட்டக்காய் மட்டும் அழுதுவிடும். அதைப் போன மாதம் ஈரல் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள், பாவம், அதற்கு நடிக்க வராது. இவ்வளவு பேருக்கும் பின்னால் ஒளிந்து நிற்பது சோயா மீட். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சோயா மா அது. ஒரு பக்கெட்டில் கோழி, இன்னொன்றில் கணவாய் என்று கையில் நாலைந்து அட்டை வைத்திருக்கும். எல்லாம் கள்ள அட்டை. அந்தக் காலத்து அதிகாரி யாராவது இருந்தால் இதை வீட்டுக்கு விட்டிருக்கமாட்டார்.

அங்கே கொட்டியாரக் குடாவில் அசல் கணவாய் நீந்துகிறது. இங்கே தோப்பூரில் நான் பக்கெட் கணவாயைச் சவைக்கிறேன். இது பகிடி இல்லை, உண்மையாகவே எரிச்சலாக இருக்கிறது.

எல்லாம் 2022இன் வேலை என்பார்கள். அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காஸ் இல்லை, பால்மா இல்லை. வாழைப்பூ இறைச்சியாக நடித்ததில் அப்போது ஒரு நியாயம் இருந்தது, பிள்ளைகளைச் சமாளிக்கவேண்டும். இப்போது இறைச்சிக் கடை திறந்துதான் இருக்கிறது. யூடியூப்பும் திறந்திருக்கிறது, அதுதான் கரைச்சல். 2022ஐவிட மோசமான காலத்தையும் கண்டவர்கள் நாங்கள். 2006இல் ஊரை விட்டு ஓடிக் கந்தளாயில் கிடந்தபோது வந்த நிவாரணப் பருப்பு, கடைசிவரை பருப்பாகவே இருந்தது.

ரொபர்ட் நொக்ஸை எடுங்கள். 1660இல் இதே கொட்டியாரத்தில் கண்டி ராசாவின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது வருஷம் மலைநாட்டில் கிடந்து, தப்பி ஓடி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்ட வெள்ளைக்காரர். அதில் பலாவைப் பற்றி வருகிறது: பிஞ்சு பொலஸ், முற்றின காய் கொஸ் என்று பேர் பிரித்து எழுதியிருக்கிறார். கைதிக்கே தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்கிறது. பாணந்துறை ஆர்தர் டயஸ் போன நூற்றாண்டில் ஊர் ஊராகப் பலா நடச் சொல்லித் திரிந்தார். சனம் அவருக்குக் 'கொஸ் மாமா' என்று பேர் வைத்தது. இறைச்சி மாமா என்று வைக்கவில்லை.

இதையெல்லாம் சாப்பாட்டுப் பாயில் விளக்கமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே எத்தனை கட்லட் தின்றேன் என்று மனைவி எண்ணி வைத்திருக்கிறா. அந்தக் கணக்கை இங்கே போடமாட்டேன். எனக்கு ஆக்கத் தெரியுமா என்பதும் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. உம்மா ஆக்கும்போது குசினி வாசலில் நின்று பார்த்தவன் நான், அந்த அனுபவம் போதும்.

ராவைக்குப் பீர்க்கங்காய்த் தோல் சம்பலாம். எது மாதிரி இருக்கும் என்று இன்னும் அறிவிக்கவில்லை. இறால் என்கிறாள் மூத்த மகள், கூனி என்கிறாள் இளையவள். குசினிப் பக்கம் கூனி வாசம்தான் வருகிறது. அதையும் நம்ப ஏலாது.