பதினான்கு ஆண்டுகளில் தைத்து முடிந்த அங்கி

அரண்மனை, அந்தப்புரம், யானை, குதிரை, வாள்வீச்சு, மூச்சு முட்டும் வசனம் ஆகிய அனைத்தும் இடம்பெறுவதும், எந்தப் பாத்திரத்துக்கும் சட்டைப்பை என்ற ஒன்று இல்லாததுமான திரைப்பட வகையை ரசிகர்கள் ராஜா ராணிப் படம் என்றும், பத்திரிகைகள் சற்று மரியாதையுடன் சரித்திரப் படம் என்றும் குறிப்பிடுவது வழக்கம். இவ்வகைப் படங்களுக்கும் தாமதத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. சமூகப் படம் ஒன்று, அதாவது சமகாலக் குடும்பங்களின் வழக்கு வம்புகளைச் சொல்லும் படம், நான்கு ஆண்டுகள் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தால், நாயகனின் காற்சட்டை அகலமும் நாயகியின் கொண்டை உயரமும் அதன் வயதைக் காட்டிக் கொடுத்துவிடும். சரித்திரப் படத்துக்கோ அந்த அச்சமே கிடையாது, ஏனெனில் அதன் உடைகள் பூஜை போடுவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து போனவை. கிரீடம் பழசாவதில்லை, கேடயம் பழசாவதில்லை, சதி செய்யும் அமைச்சரின் தாடியும் பழசாவதில்லை. பழசாகக்கூடியவை நடிகரின் முகமும் பைனான்சியரின் பொறுமையும் மட்டுமே.

இந்த விதிக்கு இந்தித் திரையுலகம் வழங்கிய மிகப் பெரிய சான்று, கே. ஆசிஃப் இயக்கத்தில் 1960 ஆகஸ்ட் 5 அன்று வெளியான ‘முகல்-ஏ-ஆஸம்’ ஆகும். முகலாய இளவரசர் சலீம், அரண்மனை நாட்டியக்காரி அனார்கலியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். தந்தை அக்பர் சம்மதிக்க மறுக்கிறார். விவகாரம் வீட்டுச் சண்டையாகத் தொடங்கிப் போர்க்களத்தில் போய் நிற்கிறது. அக்பரின் ஆட்சியை எழுதிவைத்த அபுல் ஃபஸலோ, தம் வாழ்வைத் தாமே எழுதிக்கொண்ட சலீமோ அனார்கலியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 1611இல் லாகூருக்கு வந்த வில்லியம் ஃபிஞ்ச் என்ற ஆங்கில வணிகர் கேட்டு எழுதிய ஊர்ப்பேச்சே, பின்னாளில் வளர்ந்து, இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய உருது நாடகமாயிற்று. நாடகம் பிறந்த அதே ஆண்டில் எட்டாவா நகரில் பிறந்த ஆசிஃப், பிழைப்புக்காக பம்பாய் வந்து தையல் தொழிலில் கால்வைத்தவர் என்பது அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. தீபாவளிக்குப் பத்து நாட்களுக்கு முன் துணி கொடுத்துவிட்டு, ‘காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க’ என்ற பதிலை நரக சதுர்த்தசி இரவு வரை கேட்டுத் திரும்பியவர்களுக்கு, ஆசிஃபின் பிற்காலத் திரைப்பணி பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை.

படத்தின் வேலை முதன்முறை 1946இல் பாம்பே டாக்கீஸில் தொடங்கியது. அப்போது அக்பராக வாய்த்தவர் சந்திரமோகன். சொராப் மோடியின் ‘புகார்’ படத்தில் (1939) ஜஹாங்கீராக நடித்துப் புகழ்பெற்றிருந்த அவர், முடிசூடிய பின் சலீம் பூண்ட பெயரே ஜஹாங்கீர் என்பதால், ஒரு படத்தில் மகனாக இருந்து அடுத்ததில் தமக்குத் தாமே தந்தையாகும் அரிய பேற்றைப் பெறவிருந்தார். அனார்கலியாக நர்கிஸும் சலீமாக சப்ருவும் ஒப்பந்தமாயினர். பணம் போட்டவர் ஷிராஸ் அலி ஹக்கீம். பிரிவினை வந்தது, ஹக்கீம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். 1949இல் சந்திரமோகன் காலமானார். பேரரசரும் இல்லை, பேரரசருக்குப் படியளப்பவரும் இல்லை என்ற நிலையில், சராசரித் தயாரிப்பாளர் எவரும் மேற்கொள்ளும் வழி, பாக்கி இருக்கும் துணிமணிகளை நாடகக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் குடும்பப் படம் எடுப்பதுதான். ஆசிஃப் மேற்கொண்ட வழி, முன்னதைவிடப் பெரிதாக மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது.

இரண்டாம் பைனான்சியராக வாய்த்தவர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி. கட்டட ஒப்பந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த இப்பார்சிப் பெரியவருக்குச் சினிமா தெரியாது. அக்பர் மீது பெருமதிப்பு மட்டும் உண்டு. கட்டடக்காரர் ஒருவர் சினிமாவுக்குள் வருவதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க இயலாது: மதிப்பீட்டுத் தொகை இரு மடங்காவதும், ஒப்புக்கொண்ட தேதியைத் தாண்டி வேலை நீள்வதும் அவருக்குப் பழகிய விஷயங்கள். எனினும், வழக்கமாக அத்தொழிலில் காத்திருப்பவர் வீட்டுக்காரர். இங்கே காத்திருந்தவர் கட்டடக்காரர்.

புதிய அணியில் ப்ருத்விராஜ் கபூர் அக்பராகவும், மதுபாலா அனார்கலியாகவும், முதல் சுற்றில் பொருந்தமாட்டார் என்று ஆசிஃபே ஒதுக்கியதாகச் சொல்லப்படும் திலீப் குமார் சலீமாகவும் சேர்ந்தனர். 1950களின் தொடக்கத்தில் படப்பிடிப்பு மீண்டும் நடைபெறத் தொடங்கியது. இதற்கிடையில் பிற தயாரிப்பாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1953இல் ஃபில்மிஸ்தான் நிறுவனம் அதே கதையை ‘அனார்கலி’ என்ற பெயரில் எடுத்து வெளியிட்டு, வசூலையும் வாரிக்கொண்டு போனது. 1955இல் அஞ்சலி தேவி அனார்கலியாக நடித்த தெலுங்குப் படமும் வந்துவிட்டது. ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்த ஊர்களில் கல்யாணம் முடிந்து விருந்தும் முடிந்த பிறகு, ஆசிஃபின் பந்தலில் இன்னும் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே உண்மை நிலை.

பந்தல் என்று இங்கு உபசாரமாகச் சொல்லப்படுவது, மோகன் ஸ்டூடியோவில் எழுந்த கண்ணாடி மாளிகையாகும். ஷீஷ் மஹல் எனப்படும் இவ்வகை மண்டபத்தின் சுவர்களிலும் விதானத்திலும் சிறுசிறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு விளக்கை ஏற்றினால் ஓராயிரம் விளக்குகள் தெரியும். ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள ஆமேர் கோட்டையில் உள்ளதை மாதிரியாகக் கொண்டு, 150 அடி நீளமும் 80 அடி அகலமும் 35 அடி உயரமும் உடைய செட், பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த கண்ணாடிகளைக் கொண்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் உருவாயிற்று. அதற்கு ஆன செலவு, அக்காலத்தில் முழுநீளப் படம் ஒன்றை எடுத்து முடிக்கப் போதுமானது என்பர். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டபோதுதான், கண்ணாடியின் குணம் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது என்ற உண்மை படக்குழுவுக்கு உறைத்தது. கேமராவின் கண் கூசியது. எங்கே திருப்பினாலும் விளக்குகள் தெரிந்தன. பிறகு, கண்ணாடித் துண்டுகள் மீது மெல்லிய மெழுகுப் பூச்சு பூசப்பட்டு, ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் விளக்குகளை நேரே காட்டாமல் துணியில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டு படமெடுத்தார் என்று கூறப்படுகிறது. பளபளப்பதற்காகக் கடல் கடந்து வந்த கண்ணாடி, பளபளக்கக் கூடாது என்பதற்காக உள்ளூர் மெழுகைப் பூசிக்கொண்ட இந்நிகழ்ச்சியில், இப்படத்தின் தயாரிப்பு முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

செலவழிப்பதில் ஆசிஃப் காட்டிய நேர்த்தி வேறு எவரிடமும் கண்டதில்லை. டெல்லியில் தைத்து, சூரத்தில் சரிகை வேலை செய்து, ஐதராபாத்தில் நகையும் கோலாப்பூரில் கிரீடமும் ராஜஸ்தானில் ஆயுதங்களும் ஆக்ராவில் காலணியும் செய்வித்து ஒரே இளவரசரை உடுத்தினார். கேமரா பெரும்பாலும் இடுப்புக்கு மேலேயே நின்றதால், ஆக்ரா செருப்புத் தொழிலாளர்களின் கலைத்திறன் பிற்காலத்தவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. அவையிசைக் கலைஞர் தான்சேனுக்குக் குரல் கொடுக்க உஸ்தாத் படே குலாம் அலி கானை அழைத்தபோது, சினிமாவில் பாட விரும்பாத உஸ்தாத், ஆள் ஓடிவிடட்டும் என்று ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டார். முன்னணிப் பின்னணிப் பாடகர்கள் சில நூறு ரூபாய் வாங்கிய காலம் அது. ஆசிஃப் தயங்காமல் சம்மதித்து முன்பணமும் கொடுத்துவிட்டதாகவும், உஸ்தாத்துக்குத்தான் தப்பிக்க வழியில்லாமல் போனதாகவும் இசையமைப்பாளர் நௌஷாத் வட்டாரத்தில் வழங்கும் செய்தி கூறுகிறது. போர்க்காட்சிக்கு 2,000 ஒட்டகங்கள், 400 குதிரைகள், 8,000 வீரர்கள் என்பது படக்குழு பெருமையுடன் சொல்லிவந்த கணக்கு. வீரர்களில் ஒரு பகுதியினர் இந்திய ராணுவத்திலிருந்து இரவலாக வந்தவர்கள். ஒட்டகங்களை எண்ணிப் பார்த்தவர் யார் என்பதை மட்டும் எந்த நூலும் சொல்வதில்லை.

படப்பிடிப்பு நடந்த நாட்கள் ஏறத்தாழ 500 என்று கணக்கிடுகின்றனர். 500 நாட்கள் என்பது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. 1946 முதல் 1960 வரையிலான 14 ஆண்டுகளில் மீதியெல்லாம் பணத்துக்கும், கால்ஷீட்டுக்கும் (நடிகர் படப்பிடிப்புக்கென ஒதுக்கித் தரும் நாட்களுக்கு இதுவே தொழிற்பெயர்), மெழுகு காய்வதற்கும் சென்றிருக்க வேண்டும். மெய்யான அக்பர் 1571இல் ஃபத்தேபூர் சிக்ரியில் குடியேறி, மசூதியும் மண்டபமும் கோட்டையுமாக ஒரு தலைநகரையே எழுப்பி, அங்கிருந்து ஆண்டுவிட்டு, 1585இல் அதை விட்டுப் புறப்பட்டும் போய்விட்டார். அதே 14 ஆண்டுகள். பேரரசர் ஒரு நகரத்தைக் கட்டிக் காலி செய்வதற்குள், அவரைப் பற்றிய படம் ஒன்று வெளிவருகிறது.

கதைக்குள்ளும் ஒரு பதினான்கு உண்டு. செல்லத்தால் கெட்டுப்போன சிறுவன் சலீமைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிடுகிறார் அக்பர். 14 ஆண்டுகள் கழித்து வளர்ந்த வீரனாக அவன் திரும்பி வருகிறான். வேறு எந்த இயக்குநரும் இந்த இடைவெளியை ஒரே வெட்டில் தாண்டிவிடுவார். ஆசிஃப் அதை நேர்மையாகக் கடந்தவர் என்று கொள்ளலாம். படம் வெளிவந்தபோது திலீப் குமாருக்கு வயது 37. மதுபாலா இப்படத்தில் நடிக்க வந்தபோது இருபதை ஒட்டிய வயதினர், வெளியானபோது 27. அனார்கலி கதை நடந்ததாகச் சொல்லப்படும் 1599 வாக்கில் மெய்யான சலீம் முப்பதை எட்டிய, பல மனைவியரும் பிள்ளைகளும் உடைய குடும்பஸ்தராக இருந்தார் என்பதால், திரைச் சலீமின் முதிர்ச்சியைச் சரித்திரப் பிழை என்று குற்றம் சாட்ட முடியாது. தாமதம், கேட்காமலே, படத்துக்கு வரலாற்றுத் துல்லியத்தை வழங்கிவிட்டது.

முகங்களைவிட விரைவாக மாறியது உறவு. படப்பிடிப்பின் தொடக்கத்தில் நாயகனும் நாயகியும் மெய்யாகவே காதலர்கள். பிற்பகுதிக்குள் காதல் முறிந்து, வேறொரு படம் தொடர்பான நீதிமன்ற வழக்கில் நாயகிக்கு எதிராக நாயகன் சாட்சியாக ஏறியதும் நடந்து முடிந்துவிட்டது. தான்சேன் தொலைவில் பாட, சலீம் ஒரு வெள்ளை இறகால் அனார்கலியின் முகத்தை வருடும் புகழ்பெற்ற காட்சியைப் படமாக்கியபோது, இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதையும் நிறுத்தியிருந்தனர் என்று திலீப் குமார் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அக்காட்சியில் வசனம் இல்லை என்பதை ரசிகர்கள் கவித்துவம் என்று கொண்டாடுகின்றனர். பேசச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

படம் ஒருவழியாக முடியும் தறுவாயில் வண்ணப் படச்சுருள் பரவலாயிற்று. கண்ணாடி மாளிகைப் பாடல் உள்ளிட்ட சில ரீல்களை வண்ணத்தில் எடுத்துப் பார்த்த ஆசிஃப், முழுப் படத்தையும் வண்ணத்தில் மறுபடி எடுக்கலாம் என்றார். விநியோகஸ்தர்கள், அதாவது முன்பணம் கொடுத்துவிட்டுத் தங்கள் தலை நரைப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கையெடுத்துக் கும்பிட்டனர். ஆகவே கறுப்பு வெள்ளையில் வளர்ந்த காதல் நடுவே வண்ணத்தில் குளித்துவிட்டு வரும் வடிவிலேயே படம் மராத்தா மந்திர் திரையரங்கில் வெளியாகி, படப்பெட்டி அலங்கரித்த யானை மீது ஊர்வலமாக வர, சீட்டுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடக்க, அதுவரை வந்த எல்லா இந்திப் படங்களின் வசூலையும் மிஞ்சியது. யானையின் நடையும் மெதுவானதே என்பதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. முழு வண்ணம் என்ற ஆசை 2004இல்தான், கணினியின் துணையுடன், நிறைவேறியது.

ஆசிஃப் அடுத்து எடுத்துக்கொண்டது லைலா மஜ்னூன் கதை. படத்தின் பெயர் ‘லவ் அண்ட் காட்’. 1963 வாக்கில் குரு தத்தை நாயகனாக்கித் தொடங்கினார். 1964இல் குரு தத் மறைந்தார். பின்னர் சஞ்சீவ் குமார் வந்தார்; 1971இல் ஆசிஃபே மறைந்தார். எஞ்சியதை ஒட்டி இணைத்து 1986இல் வெளியிட்டபோது, சஞ்சீவ் குமார் மறைந்தும் சில மாதங்கள் ஆகியிருந்தன. இந்த வகையில் நகைப்பதற்கு அதிகமில்லை. ‘முகல்-ஏ-ஆஸம்’ வசனகர்த்தாக்களுள் ஒருவரான கமால் அம்ரோஹி, தம் ‘பாகீஸா’வை 1950களில் தொடங்கி 1972இல் வெளியிட்டார் என்பதை மட்டும், தொற்றுக்கு மருத்துவச் சான்றாகக் குறித்துவைக்கலாம்.

தமிழரோடு தொடர்புடைய பகுதி இதுவரை ஒத்திவைக்கப்பட்டது, பொருளுக்கு ஏற்ற மரியாதை கருதியே. ஆசிஃப் இப்படத்தை ஒரு மொழியில் எடுக்கவில்லை. உருது கலந்த இந்தி, தமிழ், ஆங்கிலம் என ஒவ்வொரு காட்சியும் மும்முறை படமாயிற்று, பிறகு டப்பிங் குரலுக்கு உதடு பொருந்த வேண்டும் என்பதற்காக. பெஷாவரில் பிறந்த திலீப் குமாரும் டெல்லியில் பிறந்த மதுபாலாவும் எடைமிக்க அங்கியும் இரும்புச் சங்கிலியும் பூண்டு, விளக்குச் சூட்டில் நின்று, தமிழ் வசனத்துக்கு வாயசைத்தனர். அந்தத் தமிழ்ப் படம் ‘அக்பர்’ என்ற பெயரில், கம்பதாசன் பாடல்களுடன், 1961இல் வந்தது. சிவாஜி கணேசனின் கட்டபொம்மனை இரண்டாண்டுகளுக்கு முன்புதான் கேட்டிருந்த காதுகள், உதடு ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலுமாக நடந்த முகலாய தர்பாரை ஏற்கவில்லை, படம் தோற்றது. அந்தத் தோல்வியைக் கண்டு ஆங்கிலப் பதிப்பு கைவிடப்பட்டது. 1857இல் எத்தனையோ சிப்பாய்கள் உயிரைக் கொடுத்தும் முகலாய அரண்மனைக்குள் ஆங்கிலம் நுழைவதைத் தடுக்க இயலவில்லை. 1961இல் தமிழ்நாட்டு ரசிகர்கள், தரை டிக்கெட்டு எடுக்காமல் வீட்டிலிருந்தபடியே, அதைச் செய்து முடித்தனர்.