பழிவாங்கவும் லைசென்ஸ்!

கேள்வி: பழிக்குப் பழி வாங்குவதை வீரம் என்று கொண்டாடிய உலகம், அதை எப்போது குற்றம் என்று சொல்ல ஆரம்பித்தது?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானுக்கு நாள் நட்சத்திரமே சொல்லலாம்: 1873 பிப்ரவரி 7.

அதற்கு முன், சாமுராய் வீரர்கள் ஆண்ட எடோ காலத்தில், தகப்பனைக் கொன்றவனைத் தேடிப்பிடித்து வெட்டுவது சாமுராய் மகனின் கடமை. ஆனால் நினைத்தவுடன் வாளை உருவ முடியாது. முதலில் தன் பிரபுவிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஆமாம், பழிவாங்கவும் லைசென்ஸ்! தந்தைக்காக மகன் வெட்டலாம், மகனுக்காகத் தந்தை வெட்டக் கூடாது. வெட்டுப்பட்டவனின் பிள்ளை பதிலுக்குக் கிளம்பவும் தடை. பழியை மெச்சிய காலத்துக்கே, அதை எங்காவது நிறுத்தியாக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

எடோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசு, அந்த 1873 பிப்ரவரி நாளில் பழிவாங்குவதை அடியோடு தடை செய்தது. சட்டம் ஒரே நாளில் மாறியது, மனசு மாறவில்லை. 1868-இல் தன் தந்தையைக் கொன்றவரை, உசுயி ரோகுரோ என்ற இளைஞர் 1880-இல் டோக்கியோவில் குத்திக் கொன்றுவிட்டு போலீசில் சரணடைந்தார். செத்தவர் அப்போது ஒரு நீதிபதி! ஜனங்கள் ரோகுரோவைப் பாராட்டினார்கள். கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது.

கோர்ட் செய்தது சரி. ஆனால் 1868-லேயே கொலையாளிக்குத் தண்டனை கிடைத்திருந்தால், அந்தப் பிள்ளை கத்தியையே தொட்டிருக்க மாட்டார். குடிமகன் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொள்ளும் அரசு, அவனுடைய வழக்கையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.