துண்டாகும் சந்திப்பு

கேள்வி: பைத்தான் நிரல்மொழியின் செந்தர நூலகத்தில் உள்ள வழுவைத் திண்டிவனத்து மாணவர் சுட்டிக்காட்ட இயலுமா?

பதில்: இயலும், சான்று ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. பைத்தான் மொழியுடன் சேர்ந்தே வரும் கருவித் தொகுப்பாகிய செந்தர நூலகத்தில், சொல்வடிவங்களைத் தேடும் ‘ஆர்இ’ தொகுதியின் சொல்லெழுத்துக் குறியீடு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாததால், திண்டிவனம் நான்கு துண்டாகவும், ரயில் பாதைகள் கூடுகிற விழுப்புரம் சந்திப்பு தன் ஊர்ப்பெயரில் மட்டும் ஐந்து துண்டாகவும் பிரிகின்றன. இந்திய எழுத்துகளைப் பாதிக்கும் இக்குறை 2007இலேயே பதிவானது. பதிப்பெண், குறையை மீண்டும் நிகழ்த்தும் சிறு நிரல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகியவை அடங்கிய முறையீடே, இத்தகைய குறையைச் சுட்டிக்காட்டும் வழு அறிக்கை எனப்படும். கட்டற்ற மென்பொருளை ஊரக மாணவரிடம் சேர்க்கும் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்கும் விழுப்புரத்தில், அவ்வறிக்கைக்கான தமிழ்ச் சோதனைச் சொற்களை எழுதித் தரத் தகுதியானவர்களுக்குப் பஞ்சமில்லை.