தலையில் கூடையோடு திராட்சை நடுவது எப்படி?

திராட்சைத் தோட்டம் போட முதலில் இடம் வேண்டும். நல்ல மண், அளவான வெயில், அடங்கிய காற்று உள்ள இடமாக நாலைந்து பார்த்து வையுங்கள். பிறகு அத்தனையையும் விட்டுவிட்டுப் போர்ச்சுகலுக்கு வாருங்கள். லிஸ்பனிலிருந்து வடமேற்கே போய் சிந்த்ரா மலையைத் தாண்டினால் கொலாரெஸ் என்றொரு ஊர். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடியான ரோக்கா முனை பக்கத்தில்தான் இருக்கிறது. அட்லாண்டிக் காற்று கரையேறியதும் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். கோடை முழுக்க வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு ‘நோர்ட்டாடா’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உள்நாட்டில் வெயில் கொளுத்தும் நாளிலும் இங்கே மூடுபனி இறங்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண். மேலே கிடப்பதெல்லாம் கடற்கரை மணல். களிமண் அதற்கு அடியில் இருக்கிறது: சில இடங்களில் ஓர் ஆள் ஆழத்தில், சில இடங்களில் அதையும் தாண்டி. கொடி வேர் பிடிக்க வேண்டியது அந்தக் களிமண்ணில். ஆகவே, தோண்டுங்கள்.

தோண்டத் தோண்ட மணல் சரியும். இதற்கு கொலாரெஸ்காரர்கள் கண்டுபிடித்த வழி, தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குழிக்குள் இறங்குவது. மணல் மூடிவிட்டால் மேலே இருப்பவர்கள் தோண்டி எடுக்கும்வரை கூடைக்குள் இருக்கும் காற்று மூச்சுக்கு ஆகும். அறுவடைக்கு என்று வாங்கி வைத்த கூடையை நடவுக்கே எடுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. மேலே நிற்பவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். வரப்புத் தகராறு இருக்கும் பங்காளி வேண்டாம். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் உத்தமம். உங்களை உயிரோடு வெளியே எடுப்பதில் அவருக்குத்தான் நிஜமான அக்கறை.

களிமண் தட்டுப்பட்டதும் குச்சியை நட்டுவிட்டு ஏறி வந்துவிடலாம். குழியை ஒரேயடியாக மூடாதீர்கள். கொடி வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக மணல் தள்ள வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு முருங்கை நல்ல மரம்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து ஃபில்லாக்சரா என்ற பூச்சி ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியது. அசுவினிக்குத் தூரத்துச் சொந்தம், வேரை உறிஞ்சும் ஜாதி. பிரான்ஸ் தொடங்கி ஐரோப்பா முழுக்கத் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. கடைசியில் அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். இன்றுவரை அந்த ஒட்டுதான் ஓடுகிறது. இந்தப் பூச்சியால் மணலில் நடமாட முடியாது. ஊரெல்லாம் மருந்து தேடி அலைந்தபோது, கொலாரெஸ்காரர்கள் வழக்கம்போலக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குழிக்குள் இருந்தார்கள். அவர்களுடைய கொடி இன்றும் சொந்த வேரில் நிற்கிறது. 1908இல் அரசாங்கம் எல்லை வகுத்து அந்த ஊரின் ஒயினுக்குத் தனி அந்தஸ்தும் கொடுத்தது.

நிற்கிறது என்றா சொன்னேன்? படுத்திருக்கிறது. பந்தல் போடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். முதல் நோர்ட்டாடாவில் பந்தல் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விடும். கொடியைத் தரையோடு தரையாகப் படரவிட்டு, சுற்றிலும் காய்ந்த நாணலில் தட்டி கட்டுங்கள். பார்க்க வருகிறவர்கள் தட்டியைப் பார்த்துவிட்டு, “தோட்டம் எங்கே?” என்று கேட்பார்கள். கேட்கும்போது அதன்மேல்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

தட்டி கட்டினாலும் உப்புக் காற்று இலையைக் கருக்கும். பூக்கும் நேரத்தில் வீசினால் பிஞ்சு பிடிக்காது. மிஞ்சுவது சின்னக் கொத்து, சின்னப் பழம், தடித்த தோல். அதுவும் மணல்மேல் கிடந்தால் கோடைக் கடைசியில் சூட்டில் வெந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கிளைக்கும் சாண் உயரத்துக்கு ஒரு நாணல் குச்சி முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும். முட்டி போட்டுக்கொண்டுதான் செய்ய முடியும். எந்திரம் வருமா என்று விசாரிக்காதீர்கள்.

பட்டுப்போன கொடிக்குப் பதில் புதுக்கொடி வேண்டுமானால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்துப் புதைத்துப் பதியன் போடுங்கள். இந்த ஒரு வேலைக்குக் கூடை தேவையில்லை.

இனி ஒயின். சிவப்புக்கு ராமிஸ்கோ திராட்சை, வெள்ளைக்கு மல்வாசியா. வெள்ளை சீக்கிரம் குடிக்கத் தயாராகிவிடும், நாக்கில் லேசாக உப்புக் கரிக்கும். ராமிஸ்கோவை இளசாக வாயில் வைத்தால் கடுக்காயைக் கடித்த மாதிரி இருக்கும். பத்து வருஷமாவது காத்திருக்க வேண்டும். பெண் பிறந்த வருஷத்தில் எடுத்து வைத்தால் கல்யாணத்துக்குப் பதமாக இருக்கும் என்பது என் கணக்கு.

இதெல்லாம் ஒத்துவராது என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு, கொலாரெஸில் பெரும்பாலோர் எடுத்த வழி. லிஸ்பன்காரர்களுக்குக் கடல் பார்த்த வீடு வேண்டியிருந்தது. பூச்சியால் நுழைய முடியாத மணலில் மனை வியாபாரம் தாராளமாக நுழைந்தது. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் தோட்டங்கள் இன்று சில பத்து ஹெக்டேருக்குள் அடங்கிவிட்டன. மனைக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் யாரும் கூடை கவிழ்த்ததாகத் தகவல் இல்லை.

அப்படியும் நடுவேன் என்று நிற்பவர்கள் ஊருக்குள் போய் 1931இல் தொடங்கிய கூட்டுறவு ஒயின் கிடங்கைப் பாருங்கள், இன்னும் நடக்கிறது. திரும்பும்போது ஒரு ராமிஸ்கோ வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் அரை லிட்டர்தான் இருக்கும், பெரிதாகக் கேட்டு அடம் பிடிக்க வேண்டாம்.