உங்கள் பாட்டுக்கு அழித்தவர்களுக்கு

இலவச ரிஜிஸ்ட்ரி கிளீனர் வழங்கும் வள்ளல் நிறுவனத்தார் சமூகத்துக்கு,

பழவேற்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையும் அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வைத்துப் பிழைக்கும் அடியேன் எழுதிக்கொண்டது. ராத்திரி முழுக்க ஏரியில் கிடந்தும் மீன்பாடு இல்லை என்று கோட்டைக்குப்பத்துக்காரர்கள் கையை விரித்த அதே காலையில், என் கம்ப்யூட்டருக்குள் மூன்றே நிமிடத்தில் 1,347 பிழைகளை வாரிப் போட்டீர்கள். ஐயா, இதுவல்லவோ பாடு! சுருக்குமடி வலைக்குக்கூட இந்தக் கைராசி கிடையாது. அதற்காவது கட்டுப்பாடு உண்டு.

அதில் 30 பிழைகளை இலவசமாகத் திருத்துவீர்களாம், மீதி 1,317-க்குக் காசாம். பேராசை எதற்கென்று 30 போதும் என்றேன். திருத்தினீர்கள். அந்த முப்பதில் ஒன்று, ரிஜிஸ்ட்ரி என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் இருந்த, விரல் வைத்துப் பணம் எடுப்பதற்கான என் கைரேகைக் கருவியின் பதிவு.

எங்கள் ஏரியில் பாடு என்றால் முறை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்த வரிசையில் ஒரு பெயரை ‘பழசு, குப்பை’ என்று எவனாவது அழித்தால் அப்புறம் அவன் பாடு திண்டாட்டம். நீங்களோ உங்கள் பாட்டுக்கு அழித்துவிட்டு, ‘வாழ்த்துகள், உங்கள் கணினி ஆரோக்கியமாக உள்ளது’ என்று பச்சை டிக் போடுகிறீர்கள்.

அந்தப் பச்சை டிக்குக்கு எதிரே ஓர் இருளர் அம்மா உட்கார்ந்திருந்தார். சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறவர். கணக்கிலிருந்து பணம் எடுக்க வந்திருந்தார். பத்து விரலையும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். கருவி கண் திறந்த பாடில்லை. “இறால் தடவித் தடவி என் ரேகைதான் அழிஞ்சிருச்சு போல, கோச்சிக்காத தம்பி” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். அழிந்தது அவர் ரேகை இல்லை. அழித்தது நீங்கள். அவருடைய ஒரு நாள் பிழைப்பைத் தின்றுவிட்டு வாழ்த்து வேறு சொல்ல உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

க்ஷமிக்கணும். பாடு பட்டவன், வாய் தவறிவிட்டது.

உங்கள் பெருமை பொறுக்காதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட், தானே ஒரு காலத்தில் ‘ரெக்கிளீன்’ என்று ஒன்றை வெளியிட்டுக் கைவிட்டது. இப்போது ரிஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில், பொய்யான பரிசோதனை முடிவைக் காட்டி ரிப்பேர் விற்றதாக எழுந்த புகாரில் ஆபீஸ் டிப்போவும் சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. அங்கே பாடு ஏமாந்த வாடிக்கையாளர்களுக்கு!

பக்கத்துக் கடைப் பையன் இன்னும் மோசம். நீங்கள் பிடித்த 1,347-ஐயும் மொத்தமாக அள்ளி எறிந்தாலும் மிச்சமாவது சில நூறு கிலோபைட்தான் என்கிறான். கம்ப்யூட்டர் இழுப்பதற்குக் காரணம் 2 ஜிபி ராமும் கிழட்டு ஹார்டு டிஸ்கும்தானாம். சிஸ்டம் ரீஸ்டோர் போட்டு அரை மணி நேரத்தில் கருவியைப் பேச வைத்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
பாட்டாளி.

பி.கு.: தங்கள் மென்பொருளை நீக்கிவிட்டேன். நீக்கிய பிறகும் தங்கள் பெயரில் ரிஜிஸ்ட்ரியில் 14 பதிவுகள் கிடக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.