வாலறுந்த சுட்டியும் 0.3 வோல்ட்டும்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: திருவனந்தபுரம், கரமனை, மாடியறையில் ஒரு மேசை. காலம்: ஓர் இடவப்பாதி மழை தொடங்கி மறு இடவப்பாதி வரை. ஆய்வுப்பொருள்: கம்பியில்லாத மவுஸ் ஒன்று, அதன் வயிற்றில் படுத்திருக்கும் ஒற்றை ‘டபுள் ஏ’ கட்டை. நிதிநல்கை: அடுக்களை அலமாரியில் உள்ள சில்லறை டப்பா. நல்கியவருக்கு இதுவரை தகவல் தெரிவிக்கப்படவில்லை.

முதற்கண் பெயர். எலி என்று மொழிபெயர்த்தால் வீட்டில் பெண்கள் நாற்காலிமேல் ஏறுவார்கள் என்று அஞ்சியோ என்னவோ, தமிழ்க் கணினியார் இதற்குச் ‘சுட்டி’ என்று பேரிட்டார்கள். பொருத்தமான பேர். சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளையும் சுட்டிதான். இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். அவற்றில் இகரம் அண்மைச்சுட்டு, அகரம் சேய்மைச்சுட்டு. கம்பியுள்ள சுட்டி அண்மைச்சுட்டு, கம்பியில்லாதது சேய்மைச்சுட்டு என்று வகுத்தால் நன்னூலாரும் கோபிக்கமாட்டார் என நம்புகிறோம். மவுஸ் என்ற சொல்லையே வைத்துக்கொண்டாலும் குறையில்லை. பேட்டரி தீர்ந்த மவுசுக்கு மவுசு இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்; இந்த வசதி ஆங்கிலேயருக்குக் கிடையாது.

வால் பற்றிய வரலாறு சுருக்கமானது. டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி, பில் இங்கிலீஷ் என்பவர் 1964இல் மரக்கட்டையைக் குடைந்து முதல் மவுசைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஊரறிய அதை ஓட்டிக் காட்டினார்கள். கம்பி வால்போல இருந்ததால் வந்த பெயர்தான் மவுஸ். 1991இல் ரேடியோ அலையில் ஓடும் மவுசை லாஜிடெக் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாலால் பெயர் பெற்ற பிராணி வாலை இழந்த பிறகும் பெயரை விடவில்லை.

இங்கே சைவ சித்தாந்தத்தின் துணை தேவைப்படுகிறது. பாசம் என்றால் கயிறு. பசு கயிற்றை அறுத்துக்கொண்டதும் விடுதலை என்று எண்ணுவது தொடக்கநிலை மாணவர் செய்யும் பிழை. கன்மம் இன்னும் இருக்கிறது. கட்டைக்குள் சேர்ந்து கிடக்கும் மின்சாரம் சஞ்சிதம். சுட்டி அன்றாடம் தின்று கழிப்பது பிராரத்தம். சார்ஜரில் செருகி மறுபடி ஏற்றிக்கொள்வது ஆகாமியம். சாதாரணக் கட்டைக்கு ஒரே பிறவி. சார்ஜ் கட்டைக்கு எத்தனை பிறவி என்பதை அட்டையிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். நம் ஜாதகத்தில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது.

முன்னாய்வுகள் உண்டா என்று தேடினோம். இவ்வூர்த் தமிழ் இலக்கியத்துக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு நெருக்கமானது. ‘தலைமுறைகள்’ எழுதிய நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். ஆ. மாதவன் சாலை கடைத்தெருவில் கடை வைத்திருந்தபடியே கடைத்தெருக் கதைகளை எழுதினார். மின்சாரத்தை ஒருவரும் கடைத்தெருவை ஒருவரும் எடுத்துக்கொண்டுவிட, இரண்டும் சந்திக்கும் இடமான பேட்டரியை நமக்கென்று விட்டுவைத்தார்கள் என்றே கொள்கிறோம்.

வாய்மொழி மரபோ வளமானது. டிரான்சிஸ்டர் காலத்தில் கட்டை தளர்ந்தால் செய்ய வேண்டியவை நான்கு: வெயிலில் காயவைத்தல், உள்ளங்கையில் உருட்டுதல், பல்லால் கடித்தல், பெட்டியின் முதுகில் அறைதல். நகரத்து மேதைகள் இவற்றை மூடநம்பிக்கை என்பார்கள். அப்படியல்ல. சூடேறினால் பழைய துத்தநாக–கார்பன் கட்டைக்குள் வேதிவினை கொஞ்சம் விரைகிறது. வெயிலில் கிடந்த நேரம் அதற்கு ஓய்வும் ஆகிறது. அதனால் ஒருமணி நேரச் செய்திக்கும் நாலு பாட்டுக்கும் உயிர் திரும்பும். உருட்டிவிட்டுத் திரும்பப் போடும்போது முனையில் படிந்த அழுக்கு தேய்ந்து தொடுப்பு சரியாகும். கடித்தலுக்கு மட்டும் நமக்கு விளக்கம் அகப்படவில்லை. ஆனால் தாத்தாவின் பல்தடம் பதிந்த கட்டை ஒன்று எங்கள் வீட்டில் நெடுநாள் இருந்தது. இம்மரபைச் சார்ஜ் கட்டைமேல் காட்டக் கூடாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டைக்கு வெயில் ஆகாது. சூட்டில் உள்ளிருக்கும் சரக்கு வேகமாகக் கசியும், ஆயுளும் குறையும். மொட்டைமாடியில் வடகத்தின் பக்கத்தில் அதை வைத்து எடுத்ததை இவ்வாய்வின் முதல் தவறாகப் பதிவு செய்கிறோம்.

கொள்முதல் சாலை கடைத்தெருவில் நடந்தது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த கடைத்தெரு. கொத்தமல்லி முதல் கொசுவலை வரை கிடைக்கும்.

“அண்ணாச்சி, சார்ஜ் ஏத்துற கட்டை இருக்கா?”

“எதுக்கு சாரே? கேமராவுக்கா?”

“மவுசுக்கு.”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “மவுசுக்கா? அதுக்கு இந்த இருபது ரூவா கட்டையே ரெண்டு மாசம் ஓடுமே!” என்றார். நாலு கட்டையும் சார்ஜரும் சேர்த்து ஆயிரத்து நானூறு கொடுத்துவிட்டு வந்தேன். விற்கவேண்டியவரே வேண்டாம் என்றபோது வாங்கியது இவ்வாய்வின் இரண்டாம் தவறா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இனி மையச் சிக்கல். இருவகைக் கட்டைக்கும் உடல் ஒன்றே: 14.5 மில்லிமீட்டர் பருமன், 50.5 மில்லிமீட்டர் நீளம். ஆனால் ஒரே பிறவி எடுக்கும் ஆல்கலைன் கட்டைமேல் 1.5 வோல்ட் என்றும், சார்ஜ் கட்டைமேல் 1.2 வோல்ட் என்றும் போட்டிருக்கும். இந்த 0.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்களில் சார்ஜ் கட்டை வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது! படியில் முக்கால் அளந்து கொடுத்த மாதிரி ஒரு மனக்குறை. உண்மையில் 1.5 என்பது ஆல்கலைனின் கல்யாணப் புகைப்படம். கட்டிய நாளில் 1.6 இருக்கும், பிறகு நாளுக்கு நாள் இறங்கி 0.9 வரை போகும். வாழ்நாளில் பெரும்பகுதியை அது 1.3க்கும் கீழேதான் கழிக்கிறது. சார்ஜ் கட்டையோ சார்ஜரைவிட்டு இறங்கும்போது 1.4 காட்டிவிட்டு, உடனே 1.2ஐ ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டு, கடைசிவரை அசையாது. ஒற்றைக் கட்டையில் ஓடும் சுட்டிக்குள் வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கும் குட்டிச் சுற்று ஒன்று இருக்கிறது. ஒன்றுக்குக் கீழே வந்தாலும் அது சமாளிக்கும். ஆகவே சுட்டிக்கு இதில் வழக்கே இல்லை.

வழக்கு திரையில் தெரியும் அந்தச் சின்னப் பேட்டரிப் படத்தோடுதான். அது வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கிறது. ஆல்கலைனின் இறங்குமுகத்தை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு. அதனால் அப்போதுதான் வயிறுமுட்டத் தின்றுவிட்டு வந்த சார்ஜ் கட்டையைப் பார்த்து “பாதிதான் இருக்கிறது” என்கிறது. அடுத்த மாதமும் பாதி. அதற்கடுத்த மாதமும் பாதி. நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முக்கியமான கோப்பை இழுத்துக்கொண்டிருக்கும்போது, பாதியிலிருந்து நேரே பூச்சியம். மலையாளிகளிடம் எந்த நிலையிலும் வரும் ஒரு சொல் உண்டு: ‘குழப்பமில்லா’. கூரை ஒழுகினாலும் குழப்பமில்லா, பஸ் போய்விட்டாலும் குழப்பமில்லா. சார்ஜ் கட்டை பேசுவது இந்த மொழி. ஆல்கலைன் நம்மூர் ஆள். முதல் வாரத்திலிருந்தே முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கிவிடும்.

எதிர்வீட்டு மாமா தும்பாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1963 நவம்பர் 21 அன்று தன் முதல் ராக்கெட்டை ஏவிய அதே தும்பா. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் லித்தியம் அயனிக் கட்டைகளை உருவாக்கி, அத்தொழில்நுட்பத்தை 2018இல் தொழிற்சாலைகளுக்கும் தர முன்வந்தது. அவரிடம் என் சுட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “அளவுகோல்தான் தப்பு, கட்டைமேல தப்பில்லே” என்றார். ஓராண்டு ஆய்வை ஒரே வரியில் முடித்துவிட்டது இவ்வாய்வாளருக்கு உள்ளூர வருத்தம்தான். இரவில் சுட்டியின் வயிற்றுச் சுவிட்சை அணைத்துவைப்பது குறித்தும் கேட்டேன். அதற்கு அவர் சந்திரயான்-3ஐ எடுத்துக்கொண்டார். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய லேண்டரும் அதன் ரோவரும் நிலவின் பகல் முடியும்முன் உறங்கவைக்கப்பட்டன. ரோவரின் பேட்டரி நிரம்பியே இருந்தது. மைனஸ் 200 டிகிரியை ஒட்டிய குளிரில் ஓரிரவைக் கழித்துவிட்டு, செப்டம்பர் 22 வாக்கில் விடிந்தபோது அழைத்தார்கள், பதில் வரவில்லை. “உம்ம மேசையில அவ்வளவு குளிராது, தைரியமா அணையும்” என்றார் மாமா.

பழைய சார்ஜ் கட்டைகள் சுட்டிக்கு லாயக்கற்றவை என்ற வசவு ஒருகாலத்தில் நியாயம். அவை சும்மா கிடந்தாலே மாதம் கால் பங்கு கசிந்துபோகும். என் சுட்டி மாதம் தின்பதும் அதே கால் பங்கு. ஆக, வீட்டுக்காரர் சாப்பிட்ட அளவை எலியும் சாப்பிட்ட கதை. 2005இல் சான்யோ கொண்டுவந்த எனெலூப் இந்தக் கசிவை வெகுவாகக் குறைத்தது. ஓராண்டு பெட்டியில் தூங்கினாலும் பெரும்பகுதி மிஞ்சும். சுட்டி, ரிமோட் போன்ற சிற்றுண்டிக்காரர்களுக்குச் சார்ஜ் கட்டை பொருந்த ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

பொருளாதாரத்துக்கு வருவோம். இருபது ரூபாய்க் கட்டை ஆண்டுக்கு ஆறு, ஆக நூற்றிருபது. போட்ட ஆயிரத்து நானூறு திரும்ப 11 ஆண்டு 8 மாதம். அண்ணாச்சி பார்த்த பார்வையின் பொருள் இப்போது விளங்குகிறது. ஆனால் நீண்டகால நோக்கில் பாருங்கள். ஒரு கட்டைக்கு ஆயிரம் பிறவி, பிறவிக்கு நாலு மாதம்; 333 ஆண்டு. 1729இல் மார்த்தாண்ட வர்மர் பட்டமேறிய அன்று சுட்டிக்குள் போட்டிருந்தால் அந்த ஒற்றைக் கட்டை 2062 வரை ஓடும். நாலு கட்டைக்கும் சேர்த்தால் 1,333 ஆண்டு. கொல்லம் ஆண்டே 825இல்தான் பிறந்தது. (கட்டை சில ஆண்டுகளில் வயதாகியே செத்துவிடும் என்ற அற்ப ஆட்சேபத்தைப் பின்னிணைப்பில் எதிர்கொள்வோம். பின்னிணைப்பு இல்லை.)

மின்கட்டணமோ இன்னும் விசித்திரம். ஒரு கட்டை நிறைய, வீணாவதையும் சேர்த்து, சுமார் நாலு வாட்-மணி. ஒரு யூனிட்டில் 250 தடவை நிரப்பலாம். 83 ஆண்டு தாங்கும். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தில் பிறந்த ஒரே ஒரு யூனிட்டை எடுத்துவைத்திருந்தால் மேற்படி சந்திரயான் இறங்கிய ஆண்டுவரை என் சுட்டி ஓடியிருக்கும். ஆனால் சார்ஜரைச் சுவரிலேயே செருகி மறந்தால், அது சும்மா இருக்கும்போது அரை வாட் தின்றாலே ஆண்டுக்கு நாலு யூனிட்டைத் தாண்டிவிடும். சாமியைவிட பூசாரிக்கு நைவேத்தியம் அதிகம்.

கட்டைகளின் வாரிசுரிமையை விட்டுவிடலாகாது. எங்கள் வீட்டில் அது மருமக்கள்வழி. சுட்டியில் தளர்ந்த இருபது ரூபாய்க் கட்டை ரிமோட்டுக்குப் போகும். அங்கே பட்டனை அழுத்தி அழுத்தி வெறுத்தபின் சுவர்க்கடிகாரத்துக்கு. கடிகாரம் பரம சாது, கொடுத்ததைத் தின்னும். கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடி நகைத்த முறையைக் கேரளம் 1975இல் சட்டம் போட்டு ஒழித்தது. டபுள் ஏ கட்டைகளுக்கு அச்சட்டம் செல்லாது.

முடிவுரை எழுத உட்கார்ந்தபோது, திரையில் பேட்டரிப் படம் பாதி காட்டிக்கொண்டிருக்க, சுட்டி நின்றுவிட்டது. மாற்றுக் கட்டை சார்ஜரில், சார்ஜரில் விளக்கில்லை. வெளியே இடியும் மழையும், கரண்டு போய் அரைமணி ஆகிறது. மடிக்கணினி தன் சொந்தச் சஞ்சிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்துக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். மருமகனிடமிருந்து மாமன் சொத்தைப் பிடுங்குவது எந்த மரபிலும் இல்லை. இருந்தாலும் கட்டையை உருவி, உள்ளங்கையில் நாலு உருட்டு உருட்டிப் போட்டதும் அம்பு அசைந்தது.

“மணி என்னங்க?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

நாலே முக்கால் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அப்போதும் நாலே முக்கால்தான்.