பெட்டியடிப் பையன்களுக்கு ஒரு பெட்டி

எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் முதலில் சிட்டை எழுத வேண்டும். கல்யாணச் சிட்டை, சீர் சாமான் சிட்டை, படைப்புச் சிட்டை என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு; பயணத்துக்கும் உண்டு. என் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனபோது எழுதிய சிட்டை ஒன்று வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. டிரங்குப் பெட்டி 1, ஜமுக்காளம் 1, வேட்டி 8, துண்டு 8, பித்தளைக் கூஜா 1, நார்த்தங்காய் ஜாடி 2, விபூதிப் பை 1. மூன்று வருஷத் தவணைக்குக் கப்பலேறிய மனுஷரின் மொத்தத் தேவையும் ஒரு சாண் தாளில் அடங்கிவிட்டது. அதில் சார்ஜ் போடவேண்டிய சாமான் ஒன்றுகூட இல்லை. நார்த்தங்காய் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் வெயில் கேட்டிருக்கும்.

மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போவதற்கு நான் எழுதும் சிட்டை இரண்டு பக்கம் ஓடுகிறது. வேட்டி, சட்டை, மருந்து மாத்திரை எல்லாம் முதல் நாலு வரியில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் கரண்டு சாப்பிடுகிற சாதி. என் போன், ஆச்சியின் (என் மனைவியின்) போன், கைக்கடிகாரம், காதில் செருகுகிற பொத்தான் இரண்டு, படிக்கிற டேப்லட், பிரஷர் பார்க்கும் மெஷின், சர்க்கரை பார்க்கும் மெஷின், கேமரா, முகம் மழிக்கும் டிரிம்மர். பிறகு இவற்றுக்கு உண்டான பரிவாரம்.

அந்தப் பரிவாரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார். அங்கே அவருக்கு ஓர் ஏஜெண்டு. ஏஜெண்டுக்குக் கீழே ஓர் அடுத்தாள். அடுத்தாளுக்குக் கீழே பெட்டியடிப் பையன். எல்லாருக்குமாக ஒரு சமையலாள். இன்றைக்கு என் பைக்குள் நடப்பது அதே கிட்டங்கி நிர்வாகம்தான். போன் முதலாளி. பவர் பேங்க் ஏஜெண்டு. சார்ஜர் அடுத்தாள். வயர் பெட்டியடிப் பையன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சமையலாள்; அது இல்லாவிட்டால் ஒருவருக்கும் சாப்பாடு கிடையாது. கைக்கடிகாரத்துக்கு மட்டும் காந்தம் வைத்த தனிப் பையன் ஒருவன் உண்டு. அவன் வேறு யாருக்கும் கை கொடுக்க மாட்டான். அவனை விட்டுவிட்டுப் போனால் கடிகாரம் இரண்டாம் நாளே கண்ணை மூடிக்கொள்ளும்.

கட்டில் மேல் இவற்றைப் பரப்பி வைத்திருந்தபோது எங்கள் வீட்டு ஆச்சி வந்து பார்த்தாள்.

"நீங்க போறீகளா, இல்ல இதுகள ஊருக்கு அனுப்பி வைக்கிறீகளா?"

பதில் சொல்லவில்லை. பிரஷர் மெஷினை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.

இந்தப் பரிவாரத்தில் எனக்கு அனுபவம் வந்ததற்குக் காரணம் நான் ஊர் சுற்றியது அல்ல. ஊர் எங்களைத் தேடி வருவது. நகரத்தார் கோயில் ஒன்பதில் எங்கள் ஊர் இளையாத்தங்குடி ஒன்று. கைலாசநாதர், நித்தியகல்யாணி. கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம் புள்ளிக் கணக்கில், அதாவது கோயிலின் குடும்பக் கணக்கில், ஏறும். அதனால் நியூ ஜெர்சியில் பிறந்த பையனாக இருந்தாலும், மெல்பர்னில் வளர்ந்த பெண்ணாக இருந்தாலும், கல்யாணம் என்று வந்துவிட்டால் குடும்பத்தில் யாராவது இந்த ஊரை எட்டிப் பார்த்தாக வேண்டும். வருகிறவர்கள் முதலில் சாமி கும்பிடுவார்கள். அடுத்தபடியாக "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு அயித்தான்?" என்று கேட்பார்கள்.

அது கொஞ்சம் சங்கடமான கேள்வி. வீட்டைக் கட்டிய பாட்டையா எல்லாவற்றையும் யோசித்தவர். பர்மாத் தேக்கில் தூண், ஆத்தங்குடிக் கல், ஆள் உயரத்துக்கு பெல்ஜியம் கண்ணாடி, எண்ணி முடியாத கதவு. பிளக் பாயிண்ட் ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. பிற்பாடு யாரோ மரப்பட்டி அடித்து ஒயர் இழுத்தார்கள். வளவு என்கிற உள்முற்றம் முழுமைக்கும் தூணோரத்தில் ஒரே ஓர் ஓட்டை. அதிலும் கரண்டு பொதுக்கரண்டு. பில் வந்தால் பங்காளிகள் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். அமெரிக்காக்காரர் நாலு சாமானுக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் போனால், அடுத்த பங்காளிக் கூட்டத்தில் அது மெல்லப் பேச்சுக்கு வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அப்படி வந்தவர்கள் மூலமாக உலகத்துப் பிளக்குகள் அத்தனையும் எங்கள் பட்டாலைக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவுக்குத் தட்டையாக இரண்டு காது. ஆஸ்திரேலியாவுக்கு அதே காது சாய்வாக. சிங்கப்பூர், மலேசியாவுக்கு மூன்று சதுர முனை. நமக்கு மூன்று உருண்டை முனை. இந்த உருண்டை முனையும் வெள்ளைக்காரன் கொடுத்ததுதான். நமக்குச் சுதந்திரம் வந்த அதே 1947-ல் அவன் தன் ஊருக்குச் சதுர முனை என்று புதிதாக விதி எழுதிக்கொண்டான். சிங்கப்பூரும் மலேசியாவும் அவன் பின்னால் போய்விட்டன. நாம் அவன் கழித்துக்கட்டியதைக் கட்டிக்கொண்டு இன்றுவரை குடும்பம் நடத்துகிறோம். கொண்டுவிக்கப் போன தேசங்களில் ஒன்றிலாவது நம்மூர் பிளக் நிம்மதியாக நுழையுமா என்று பார்த்தால், இலங்கையிலும் பர்மாவிலும் பழையதும் புதியதும் கலந்து கிடக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் நுழையும்.

பிளக் நுழைந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை ஆச்சியின் மிக்சி விஷயத்தில் விளக்க வேண்டியிருந்தது. மகன் வீட்டு மிக்சியில் சட்னி நைசாக வரவில்லை என்பது அவளுடைய நெடுநாள் துக்கம். சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்மூரும் அதேதான். முனை மாற்றி ஒன்றைச் செருகினால் நம்ம மிக்சி அங்கே ஓடும். மகள் இருக்கிற அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே நம்ம மிக்சி தேங்காயைச் சும்மா வேடிக்கை பார்க்கும். போன் சார்ஜருக்கு இந்தக் கவலை இல்லை. அதன் முதுகில் எறும்பு எழுத்தில் 100–240 என்று போட்டிருக்கும். எந்தத் தேசத்துக் கரண்டையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். பயணத்துக்கு எடுத்துவைக்கிற எதையும் திருப்பிப் பார்த்து அந்த எண்ணைப் படித்துவிடுவது நல்லது. பூதக்கண்ணாடி வேண்டும், அதற்கு நல்லவேளையாகச் சார்ஜர் வேண்டாம்.

விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு ஆச்சி, "அப்ப சிங்கப்பூருக்கு எடுத்துக்கலாம்கிறீக" என்றாள். மிக்சி சிட்டையில் ஏறியது. கூடவே கொசு பேட்டும் ஏறியது. சிங்கப்பூரில் வீட்டில் கொசு முட்டையிடுகிற மாதிரி தண்ணீர் தேங்கினாலே அபராதம், அங்கே எதற்குக் கொசு பேட் என்றேன்.

"அபராதம் போடுறாகன்னா கொசு இருக்குன்னுதான அர்த்தம்?"

இந்தத் தர்க்கத்துக்கு இளையாத்தங்குடியில் பதில் இல்லை.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் அதிகாரமாகப் பேசுவேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஆள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்கேதான் இருக்கிறது. லித்தியம் பேட்டரியைப் பிரித்து மேய்கிற விஞ்ஞானிகள் நாங்கள் மளிகை வாங்கும் கடையிலேயே மளிகை வாங்குகிறார்கள். இருந்தும் ஊருக்குள் யார் போனைப் பார்த்தாலும் பன்னிரண்டு சதவீதத்தில்தான் நிற்கிறது.

விமானத்தில் 100 வாட் ஹவர் வரைக்கும் உள்ள பவர் பேங்கை யாரையும் கேட்காமல் எடுத்துப் போகலாம். பெட்டியின் மேல் 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆயிரத்தால் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வருகிறது, தேறிவிட்டது. ஆனால் கையில் வைத்திருக்கும் பைக்குள் மட்டும்தான். சரக்கு அறைக்குப் போகிற பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் கோபக்காரச் சரக்கு. மேலே ஆள் இருக்கும் இடத்தில் புகைந்தால் அணைக்கலாம். கீழே புகைந்தால் யார் பார்ப்பது? 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் பக்கத்தில் ஒரு விமானம் தரையில் நிற்கும்போதே எரிந்து, பயணிகள் சறுக்கி இறங்கித் தப்பினார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். அதன் பிறகு ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்கில் போனைச் செருகக் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆக, ஏஜெண்டைக் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம், மடியில் உட்கார வைக்கலாம், வேலை மட்டும் வாங்கக் கூடாது. இப்படிப்பட்ட ஏஜெண்டுகள் ரங்கூன் கடைகளிலும் இருந்தார்கள் என்று ஐயா சொல்லுவார்கள்.

நெருப்போடு பயணம் செய்வது எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. அழகப்பர் பிறந்த அதே கோட்டையூரில் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி முழுநீளப் படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டாரா? சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து, பல தேசத்துக்காரர்கள் எடுத்துவைத்த துணுக்குகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 50,000 அடிப் படச்சுருள் திரட்டினார். இன்றைய கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோ. நகத்தளவு மெமரி கார்டில் ஓர் ஓரமாகக் கிடக்கும். அன்றைக்கு அது டப்பா டப்பாவாக மலை. அந்தக் காலத்துச் சினிமாச் சுருள் பெரும்பாலும் நைட்ரேட்டில் செய்தது. பொறி பட்டால் போதும், தண்ணீருக்குக்கூட அடங்காது. நம்ம பவர் பேங்க் அதற்கு முன்னால் குழந்தை.

என்னை அசத்துவது அவர் சேர்த்ததல்ல, கழித்தது. 50,000 அடியில் 12,000 அடியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளி, 1940-ல் படத்தை வெளியிட்டார். நானோ போன முறை பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் எடுத்த படங்களில் என் கட்டைவிரல் மட்டும் தெரிகிற படத்தைக்கூட இன்னும் அழிக்கவில்லை. அதை வைத்துக்கொள்ளத்தான் கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அதற்குத் தனி வயர்.

அந்த மனுஷரை மனதில் வைத்துக் கத்தரியை எடுத்தேன். விதி ஒன்றுதான்: நேரடியாக எனக்கு வேலை செய்யாத சாமான், குறைந்தது இரண்டு பேருக்காவது வேலை செய்ய வேண்டும். ஒற்றை முதலாளிக்கு ஒற்றைப் பையன் என்பதெல்லாம் கட்டுப்படியாகாது. அப்போதே காந்தப் பையன் போனான். அவனோடு கைக்கடிகாரமும் போனது. பழைய ஹெச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தைத் தேடி எடுத்தேன். காலையில் இரண்டு திருகு, அவ்வளவுதான் அதன் சாப்பாடு. கேமரா போனது, போனே படம் எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க் போனது. டிரிம்மர் போனது, சிங்கப்பூரில் பிளேடு விற்காமலா இருக்கும்? சார்ஜர்கள் எல்லாவற்றுக்கும் பதிலாக மூன்று வாய் வைத்த ஒரே சார்ஜர். எல்லாப் போனும் இப்போது டைப்-சி வாய்க்கு வந்துகொண்டிருப்பதால் வயரும் இரண்டே. ஐரோப்பாவில் 2024 டிசம்பரிலிருந்து அதையே சட்டமாக்கி, ஆப்பிள்காரனையும் அதற்கு முன்பே வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இத்தனை தேசத்துப் பிளக்குகள் எங்கள் வளவில் கூடிக் குழப்பிய பிறகு, ஒரு விஷயத்திலாவது உலகம் ஒத்துப்போனதே என்று எனக்குத் தனி சந்தோஷம்.

பிரஷர் மெஷினையும் எடுத்து ஓரமாக வைத்தேன். ஆச்சி அதைத் திரும்ப உள்ளே வைத்தாள். பெட்டி கட்டுகிற நாளில்தான் எனக்குப் பிரஷர் ஏறுகிறது என்பது அவள் கட்சி. மிக்சியையும் கொசு பேட்டையும் நான் தொடவில்லை. எனக்கும் விவரம் தெரியும்.

அவள் தனக்கென்று எடுத்துவைத்தது போன் மட்டும். சார்ஜர் எங்கே என்றேன்.

"அங்க எதுக்கு? அவனும்தான போன் வச்சிருக்கான்."

இது எனக்கு முன்பே தோன்றாததும் நல்லதுதான். தோன்றியிருந்தால் சிட்டை எழுதும் சுகம் போயிருக்கும்.

கத்தரித்தது போதாதென்று, அலமாரியில் இருந்த பிஸ்கட் தகரத்தையும் இந்தச் சாக்கில் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்றாள். அதில்தான் எங்கள் வீட்டுக்கு வந்துபோன எல்லாப் போன்களின் வயர்களும் இருக்கின்றன. குண்டூசி மூக்கு நோக்கியா சார்ஜர் முதல் சப்பை வாய் வயர் வரைக்கும். போன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. பையன்கள் மட்டும் சம்பளமில்லாமல் தகரத்துக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். சரி, போடலாம் என்று வாசல்வரை கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து வாட்ஸ்அப்.

"அப்பச்சி, என் பழைய டேப்லட்டுக்கு மைக்ரோ யுஎஸ்பி வயர் ஒண்ணு வேணும். இங்க எந்தக் கடையிலயும் இல்லங்கிறாக. நம்ம வீட்ல இருந்தா எடுத்தாங்க."

ஆச்சி காதில் விழும்படி இரண்டு தடவை வாசித்தேன். அவள் தகரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியில் கொசு பேட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினாள்.

"முழு டப்பாவையும் எடுத்துக்கங்க. திரும்பி வரும்போது எடுத்தாராதீக."